சாம்பலுக்குள் ஒரு சிலிண்டர் ஹெட்

மகனுக்கு,

நீ நன்றாக இருப்பதாக உன் அம்மா சொல்கிறாள், நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். இங்கே நான் சௌக்கியம், அவளுக்கு வலது முழங்கையில் தீக்காயம், ஆறிவருகிறது. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே என்னை முடித்துவைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டரை மறந்திருக்க மாட்டாய். கொதித்துக் கிடந்த எஞ்சினில், ஆறும்வரை பொறுக்காமல் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றி, எஞ்சினுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழவைத்துவிட்டு அந்த வாரமே விமானம் ஏறினவன் நீ. வார்ப்பிரும்பு சூட்டையும் தாங்கும், குளிரையும் தாங்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற்றினால் மட்டும் தாங்காது என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கேட்டுக்கொண்ட ஒருவனுக்கும் நான் அப்பனில்லை. இப்போது பெண்டாட்டி பிள்ளையோடு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய், என்னிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் என்னை நச்சரித்துத் தீர்த்தாள். கடைசியில், அந்த டிராக்டர் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாமல் ஓடட்டும், அன்றைக்கு என் கையாலேயே அவனை வரச்சொல்லி எழுதுகிறேன் என்றேன். ஓடாது என்று நம்பித்தான் சொன்னேன். அவள் அதைப் பத்திரத்தில் எழுதி வாங்கியதுபோலப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஹெட்டைக் கழற்றினேன். விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க இரண்டு முனையிலும் துளை போட்டேன், நடுவே விரிசல் நெடுகப் பள்ளம் வெட்டினேன். வேலையை அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது, அது என் துரதிர்ஷ்டம். செங்கல் அடுக்கிக் கரி மூட்டி ஹெட்டைப் பழுக்கக் காய்ச்சினோம், காற்றடிக்கும் சக்கரத்தை அவள்தான் சுற்றினாள். முழங்கை செங்கல்லில் பட்டுச் சுட்டுக்கொண்டது. போய் மருந்து போடு என்றேன், "கரி அணைஞ்சிடும்ங்க" என்று சொல்லிவிட்டுக் கையை மாற்றிச் சுற்றினாள். உன்னை வளர்க்கும்போதும் இதே புத்திதான் அவளுக்கு. அந்தப் பள்ளத்தை நான் வெல்டிங் வைத்து அடைத்ததும், மெதுவாக ஆறட்டும் என்று சாம்பலுக்குள் புதைத்தோம், மறுநாள் சாயங்காலம்வரை யாரும் தொடக்கூடாது.

காலையில் அவள் உன் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு. இத்தனை வருஷத்தில் நான் வீட்டுக்கு வருகிறேன் என்று அவள் பாடி நான் கேட்டதில்லை. கொட்டகைக்குப் போய்ச் சாம்பலை விலக்கிவிட்டேன். குளிர்காற்று பட்டதும் டிக் என்று ஒரு சத்தம், வெல்டிங்கை ஒட்டியே புதிதாக ஒரு கோடு. இதை உன்னிடம் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. "நீ சரியா மூடல" என்று அவளிடம் சொன்னேன். அவள் சாம்பலைப் பார்த்தாள், பிறகு என் செருப்பைப் பார்த்தாள். அந்த ஹெட்டைப் போர்வையில் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில் ஏற்றி, தன் அண்ணன் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டாள். உன் மாமனை எனக்குப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும், கல்யாணத்தன்றே என்னை வாத்தியார் என்று கேலி பேசினவன், உன்னை வெளிநாட்டுக்குக் கிளப்பிவிட்டவனும் அவன்தான். அவன் நெருப்பே வைக்கவில்லை. விரிசல் நெடுகத் துளை போட்டுத் திருகாணி இறக்கி, ஒன்றின் விளிம்பைக் கடித்து அடுத்தது வருகிறமாதிரி வரிசையாகத் தைத்துக் கொடுத்திருக்கிறான். கூடவே ஒரு செய்தியும் அனுப்பினான். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, இதுக்குச் சாம்பல் வேணாம். திறந்து பாக்கணும்னு தோணினா எப்ப வேணும்னாலும் திறந்து பாக்கலாம்." அவள் அதை ஒரு எழுத்து விடாமல் என்னிடம் ஒப்பித்தாள்.

இன்று காலை ஹெட்டை மாட்டினேன், வண்டி ஓடுகிறது. உன் அம்மா எஞ்சினுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு, காகிதத்தையும் பேனாவையும் மட்கார்டின் மேல் வைத்து, "நீங்க எழுதி முடிக்கிறவரைக்கும் ஓடட்டும்" என்றாள். கொட்டகை வாசலிலேயே நிற்கிறாள், புகையில் இருமுகிறாள், நகரமாட்டேன் என்கிறாள். இத்தனை நீளமாக எழுதுவது உன்மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் குனிந்து பார்க்கிறேன், ஒரு சொட்டாவது விழாதா என்று.

செய்தித்தாள் காய்ந்துதான் கிடக்கிறது. வா. குளியலறை பழையது என்று உன் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவை, இங்கே வந்து மூக்கைச் சுளிக்கவேண்டாம். உன்னைப் பார்க்க நான் வாசல்வரை எழுந்து வருவேன் என்று எதிர்பார்க்காதே. டிராக்டர் பக்கம் உன் நிழல்கூடப் படக்கூடாது. என் ஆசீர்வாதம் ஒன்றுதான், நீண்ட நாள் இரு, நீ எனக்குச் செய்ததையெல்லாம் உன் பிள்ளை உனக்குச் செய்து முடிக்கும்வரை இரு.

டீசல் வீணாகிறது, நிறுத்துகிறேன்.

உன் அப்பன்