எரியாத சொல் என்ன நிறம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடாத மழை. துணி காயவில்லை.

"மதுரா அக்கா, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்..." போனில் இவ்வளவுதான் தட்டினேன். அழித்துவிட்டேன். பதினொன்றரை. இவரும் பாப்பாவும் தூக்கம். டயரிக் கொப்பியில் எழுதுகிறேன். கொப்பி திருப்பிக் கேள்வி கேட்காது.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்கா, வத்தேகமயில் ஒரு சாவு வீடென்று காலையிலேயே போய்விட்டார். லீவு கேட்கப் பயம், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான். வேலை செய்யும் வாவிக்கரைக் கண்காட்சிக்குப் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போனேன். சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்ற பலகையைத் தினமும் வெளியே வைப்பதே நான்தான்.

கண்காட்சியின் கலைஞர் மதுரா அக்கா செய்தது இது: சுவரில் சிவப்பு நியோன் விளக்குக் குழாயில் "யாரும் பார்க்கவில்லை". அதற்குக் கீழே, தரையை ஒட்டி, எரியாத வெறும் கண்ணாடிக் குழாயில் "என்று நினைக்காதே". மேலே படித்துச் சிரிப்பவர்கள், குனிந்து கீழே படித்ததும் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். கீழ் வரி கடைசி நாளான ஞாயிறு மட்டும் எரியும். என்ன நிறம் என்று கேட்டேன். "அது ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்டைக்குப் பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார்.

தரை துடைக்கும்போது மொப் கட்டை இடித்தது. சின்னதாக ஒரு சத்தம். 'நினைக்காதே'யின் நுனி, சுண்டுவிரல் நீளம், போச்சு. திரும்புவதற்குள் பாப்பா தவழ்ந்து வந்து சில்லுக்குப் பக்கத்தில் கை வைத்துவிட்டாள். தூக்கிப் பார்த்தேன், காயம் இல்லை. கூட்டி அள்ளினேன். துண்டுப்பிரசுரத் தட்டை நகர்த்தி மறைத்தேன்.

யாரும் பார்க்கவில்லை.

8, புதன்

மழை விட்டு விட்டு. வாங்க: பால்மா, மெழுகுதிரி, பாப்பாவுக்குச் சோக்ஸ்.

டிரான்ஸ்போமர் பார்க்க எலக்ட்ரீஷியன் நௌபர் நானா வந்தார். இந்தக் குழாய் உடைந்தால் ஆபத்தா என்று சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன்.

"எரியக்குள்ள தொட்டீங்கன்டா, இப்பிடிக் கேள்வி கேக்க இருக்கமாட்டீங்க." அவரே சிரித்துக்கொண்டார். "இந்தா, இந்தச் சிவப்புல வெறும் வாயு மட்டும்தான். ஒடஞ்சாக் கூட்டி அள்ளலாம். நீலமா எரியிறதுலதான் பாதரசம் போடுற. அத வெளக்குமாத்தால கூட்டவே ஏலா. பொடிப் பொடி உருண்டையாப் போய்த் தரையெல்லாம் பரவும். அந்தக் காத்து புள்ளைகளுக்குக் கூடாது."

"எரியாத குழாய்னா எப்படித் தெரியும்?"

"எரிஞ்சாத்தானே தங்கச்சி தெரியும். ஏன், எது ஒடஞ்ச?"

"ஒண்ணுமில்ல நானா."

ஏ.எல். வகுப்பில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான். விளக்குமாற்றால்தான் கூட்டினேன். பாப்பா நேற்றுப் போட்டிருந்த மஞ்சள் சட்டை வீட்டுத் துணியோடு சேர்ந்து ஊறியது. சில்லுக்குப் பக்கத்தில் ஏதோ மினுங்கியது. நேற்றுக் கேட்டிருந்தால் கண்ணாடி என்றிருப்பேன். இன்று யோசிக்க யோசிக்க உருண்டையாக ஞாபகம் வருகிறது.

9, வியாழன்

பனி. ஹந்தானை மலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

விடியற்காலை பாப்பா இருமினாள். நாலு தரம். இவர்: "மழைக்கு ஊரே இருமுது. கையக் கழுவிக் கழுவிப் புள்ள தோல உரிச்சிருவ போல." சொல்ல வாயெடுத்தேன். 'அவள ஏன் அங்க தூக்கிட்டுப் போன?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

டிஸ்பென்சரி. டொக்டரிடம் மட்டும் முழுவதும் சொன்னேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லையாம்.

"அதுல பாதரசம் இருந்துச்சான்னு செஞ்சவங்ககிட்டக் கேளுங்க. இருந்தா ஒடனே பெரியாஸ்பத்திரி. துண்டு எழுதித் தாறேன்."

"கேக்க முடியாதுன்னா, டொக்டர்?"

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஏன் முடியாது?"

பாப்பாவை ஸ்டெல்லா அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்கு. பத்து மணிக்கு ஒரு ஸ்கூல் பிள்ளைகள், இருபது பேர் இருக்கும். கீழ் வரியைப் படிக்கத் தட்டை ஒதுக்கிவிட்டு அதே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி தரையில் விரலால் அந்த எழுத்துகளை எழுதிப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

"மிஸ், நான் ஒண்ணையும் ஒடைக்கல மிஸ்."

"தெரியும்மா. கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. எல்லாருமே."

கயிறு கட்டி அந்தப் பக்கத்தை அடைத்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை.

இப்போது பன்னிரண்டு ஆகப் போகிறது. அனுப்பிவிட்டேன். அனுப்பியது இது:

மதுரா அக்கா, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கீழ் வரியின் கடைசிச் சொல்லைச் செவ்வாய்க்கிழமை நான் உடைத்துவிட்டேன். மறைத்தும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அது எரியாது. பதினொரு மாதக் குழந்தை, என் மகள், அந்தத் தரையில் கை வைத்தாள். இன்று பள்ளிப் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்தார்கள். என் வேலையைப் பற்றி நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் சரி. அந்தச் சொல் என்ன நிறத்தில் எரியும்? அதில் பாதரசம் இருந்ததா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.