இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்

2009 மே 18, திங்கள் இரவு

சண்டை முடிந்துவிட்டதென்று இன்று ரிவியில் சொன்னார்கள். வன்னியில் இருந்த எங்கள் அண்ணையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அக்கா காலையிலிருந்து யார் யாருக்கோ ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ரை அறையில் சக்கர நாற்காலியில் இருந்து கன்வஸில் பெயின்ற் ஊற்றினேன். எழுதப் பேனை பிடிக்கவும் பெயின்ற் கோப்பையைக் கவிழ்க்கவும் என் கைகளால் முடியும். கன்வஸைத் தூக்கிச் சாய்த்து நிறங்களை ஓடவிடுவது எப்போதும் அக்காதான். சுணங்கினால் பெயின்ற் இறுகிவிடும்.

“அக்கா, ஒருக்கா வாங்கோ. காயப்போகுது.”

இன்றைக்கும் கூப்பிட்டேன்.

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வந்து தூக்கினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. அவளுடைய கைகள் நடுங்க நடுங்க, நீலம் வெள்ளைக்குள் நூல் நூலாகப் பிரிந்து ஓடியது. அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

“இவ்வளவு சாய்த்தது காணுமோ?” என்று கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்றேன்.

இப்போது அடுத்த அறையில் அழுகிறாள். லைற்றை அணைக்கவும் அவள்தான் வரவேண்டும். கூப்பிட வாய் வரவில்லை. வெளிச்சத்தில் அந்தப் படம் என் எதிரே கிடக்கிறது. நான் செய்த படங்களில் அதுதான் ஆக வடிவு. பார்க்காமல் இருக்க முடியவில்லை.