ஏழாம் குடியிருப்பின் காற்று

பணிநாள் 2211. காலை ஷிப்ட்.
வெண்பாறை நிலா, ஒலிபரப்பு அறை. பதிவு: குருவம்மாள்.

அலைக்கம்பம் சீராக இருக்கிறது. பனிச் சுரங்கத்தில் வெட்டு நடக்கிறது. பனியிலிருந்து பிரித்த காற்றைத் தொட்டிகளில் அடைத்து மேலே அனுப்பியாயிற்று. மேலே என்றால் வளையம், எங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற ஊர். குடியேற்ற மன்றம் அங்கேதான் கூடுகிறது. எங்களைப் பற்றிய எல்லாமே அங்கே முடிவாகும். எங்களில் ஒருவருக்கும் அங்கே நாற்காலி கிடையாது.

மன்ற மண்டபத்துக்கு மட்டும் தனித் தொட்டி. வெண்பாறைப் பனிக்காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்று உறுப்பினர்களுக்குப் பெருமை வேறு. அதை வெட்டி அனுப்புகிற நாங்கள் ஏழாம் குடியிருப்பில் கல்தூசியை விழுங்குகிறோம். வடிகட்டிகள் செத்து வெகுகாலம் ஆகிறது. புது வடிகட்டி கேட்டு இன்று மூன்றாவது மனு போனது. முதல் மனுவில் கையுறையோடு ரேகை வைத்தோமாம், செல்லாதாம். இரண்டாவதில் மன்றத்துக்கு நன்றி சொல்ல மறந்தோமாம். இந்த முறை பக்கத்துக்குப் பக்கம் நன்றி போட்டிருக்கிறேன். வயிறு எரிய எரியத்தான் எழுதினேன்.

பணிநாள் 2219. மாலை ஷிப்ட்.

மன்றத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். குடியிருப்பு வாசலில், புதுக்காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றபடியே அளவெடுத்தார். அடித்தளத்துக்கு இறங்கிப் பாருங்கள் என்றதற்குக் காலணி அழுக்காகும் என்றார். "ஏழாம் குடியிருப்பின் காற்று முழுவதும் சுவாசிக்க உகந்தது." முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த அடித்தளத்தில்தான் என் தங்கை சொர்ணம், நெஞ்சில் தூசி அடைத்துப் படுத்திருக்கிறாள். வேறு இடத்துக்கு மாற்றவும் மன்றத்தின் உத்தரவு வேண்டும். உள் ரேடியோவில் கூப்பிட்டாள்.

"அக்கா, பெரிய மனுசன் வந்தாராமே? வடிகட்டி எப்ப வருமாம்?"

வந்துரும்டி என்றேன். எந்த வாயால் சொன்னேனோ தெரியவில்லை.

பணிநாள் 2230. காலை ஷிப்ட்.

வளையத்திலிருந்து செய்தி. பேசியவர் மன்றச் செயலர் அருள்நம்பி.

"குடியேற்ற நாள் விழாவில் மக்கள் மனு ஒன்றைக் கேட்பதென மன்றம் பெருந்தன்மையுடன் தீர்மானித்துள்ளது. தங்கள் மனுவை அங்கிருந்தே ஒலிபரப்பில் தாங்களே வாசிக்கலாம். விருந்து இருப்பதால் சுருக்கமாக இருக்கட்டும்."

இதை எடுத்துப் படிக்கிறவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மன்றத்தில் பழைய விதி ஒன்று உண்டு. மனு வாசிக்கத் தொடங்கியதும் மண்டபக் கதவுகளைப் பொறி பூட்டிவிடும். வாசிப்பவர் தன் குரலில் "எங்கள் மனு முடிந்தது" என்றால்தான் திறக்கும். தொடர்பைத் துண்டித்தாலும் திறக்காது. மக்கள் பேசும்போது யாரும் எழுந்து போகக் கூடாது என்று, முதலில் வந்து குடியேறியவர்கள் வைத்த விதி அது. அவர்களும் ஒரு காலத்தில் மனுவோடு அலைந்தவர்கள்தானே! இப்போதிருக்கும் மகராசன்கள் யாரையும் மனு வாசிக்கவே விடாததால் கதவு பூட்டுவதை மறந்துவிட்டார்கள்.

சொர்ணத்திடம் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு முழுக்க இருமலாகப் போனது.

பணிநாள் 2233. காலை ஷிப்ட்.

சொர்ணத்தின் கணவர் சடையப்பன் ரேடியோவில் வந்தார். சுரங்கத்தில் தொட்டி நிரப்புகிறவர்.

"மதினி... சொர்ணம் எந்திரிக்க மாட்டேங்கா. எழுப்பி எழுப்பிப் பாத்துட்டேன்."

அலைக்கம்பம் சீராக இருக்கிறது. வேறென்ன எழுத?

அதே நாள். மாலை ஷிப்ட்.

வளையத்திலிருந்து உத்தரவு. "விழாவுக்காக மண்டபத் தொட்டியை நிறைத்து அனுப்பவும். காற்று தரமானதாக இருக்கட்டும்."

சடையப்பனுக்குத் தெரிவித்தேன். தொட்டிக் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"எந்தக் காத்தை ஏத்த, மதினி?"

"சான்றிதழ் வாங்குன காத்து இருக்குல்லா. அதையே ஏத்துங்க."

அடித்தளத்தில், சொர்ணத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் குழாய் போட்டு உறிஞ்சினார்கள். நாங்கள் விஷம் கலக்கவில்லை. ஒரு துளியும் கலக்கவில்லை. அவள் சுவாசித்தது எதுவோ அதுதான். தொட்டியின் மேல் சான்றிதழை நானே ஒட்டினேன். மனுவின் கடைசியில், தூசியில் செத்தவர்கள் வரிசையில் சொர்ணத்தின் பெயரையும் சேர்த்தேன்.

பணிநாள் 2235. விழா.

மண்டபத்தோடு தொடர்பு திறந்திருக்கிறது. நன்றிப் பகுதியை வாசித்தேன். கை தட்டினார்கள். முதல் வரியிலேயே கதவு பூட்டிய சத்தம் இங்கே வரை கேட்டிருந்தது.

இப்போது இறந்தவர்களின் பெயர்கள். எங்கள் ஷிப்டில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் பெயரைக் கூப்பிட்டால், ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்போம். அவர் விடாமல் போன மூச்சு அது. ஒவ்வொரு பெயருக்கும் நிற்கிறேன். அவசரப்படவில்லை. மனுவில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

அதே நாள். வாசிப்புக்கு நடுவில்.

இருமுகிறார்கள். முதலில் ஒருவர், பிறகு வரிசை வரிசையாக. எனக்குப் பழகிய சத்தம். தூசியே அறியாத நெஞ்சுகள், எங்களுக்கு வருசக்கணக்கில் ஆவது அவர்களுக்கு மணிக்கணக்கில் ஆகிறது.

"குருவம்மாள், காற்றில் ஏதோ கோளாறு. உடனே வாசிப்பை முடியுங்கள்!" என்றார் செயலர்.

"கோளாறு ஒண்ணுமில்லைங்க ஐயா. சுவாசிக்க உகந்தது. உங்க முத்திரைதான். தொட்டியைப் பாருங்க."

அடுத்த பெயருக்குப் போனேன்.

அதே நாள். இன்னும் வாசிக்கிறேன்.

செயலரின் செந்தமிழ் போய்விட்டது.

"வடிகட்டிக் கப்பல அனுப்பிட்டோம்மா! எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டோம்! திரையில பாருங்க... முடிச்சிருங்கம்மா... எனக்குப் புள்ளைங்க இருக்கு..."

திரையில் பார்த்தேன். பொய்யில்லை. கப்பல் இறங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை காலம் முடியாதது ஒரு இருமலில் முடிந்துவிட்டது. அப்படியென்றால் அன்றைக்கே முடிந்திருக்கும், பாவிகளா! சொர்ணம் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

சடையப்பன் கூப்பிடுகிறார்.

"மதினி, கப்பல் வந்துட்டு. போதும். அந்த வார்த்தையச் சொல்லிருங்க."

மூன்றே வார்த்தை. நாக்கு நுனியில் இருக்கிறது. பாவம் பார்க்கலாம்தான். ஆனால் சொர்ணத்தின் பெயர் இன்னும் வரவில்லை. அது கடைசியில்தானே இருக்கிறது.

ரேடியோவை அணைத்தேன். சடையப்பனுடையதை மட்டும்.

அதே நாள்.

சொர்ணம்.

அவளுக்கு மட்டும் ஒரு மூச்சோடு நிறுத்தவில்லை. அவள் எப்போது விடச் சொல்வாளோ அதுவரை நின்றேன். பிறகு எங்கள் மனு முடிந்தது என்றேன். கதவுகள் திறந்த சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

பணிநாள் 2238. காலை ஷிப்ட்.

வடிகட்டிகளை மாட்டிவிட்டோம். அடித்தளத்தில் குழந்தைகள் இருமாமல் தூங்குகின்றன. சடையப்பன் என்னோடு பேசுவதில்லை.

என்னைத் தேடி வளையத்திலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். இந்தப் பதிவை முதலில் படிக்கப் போகிறவர்கள் நீங்கள்தான் போல. வாங்க. நான் எங்கும் ஓடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். முதல் பெயரிலிருந்து வாசிக்கிறேன்.