அம்மிச் சத்தத்தின் மறைவில்

என் மைனிக்கு, சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் விட்டுப்போன அதே லயத்து வீட்டிலிருந்து கிரேஸ் எழுதுகிறேன்.

நீங்கள் அரைத்து வைத்த உப்பு தீர்ந்துபோய்விட்டது. முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். சாடியின் அடியில் ஈரத்தில் கசிந்து கட்டியாகிக் கிடந்ததைக்கூடக் கரண்டியால் சுரண்டி ரசத்தில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் ஐயோ என்றிருந்தது. அண்ணன் அந்த ரசத்தைக் குடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். அது நீங்கள் அரைத்த கடைசி உப்பு என்று அவருக்குத் தெரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போனதிலிருந்து அவர் பேக்டரிக்குப் போவதும் வருவதும்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தாலும் ஆள் இல்லாத வீடு மாதிரித்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன். போடிமெட்டு இறங்கிப் போன மனுசன், போனவர் போனவர்தான்.

அவர் விட்டுப்போய், பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்ற என்னை நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டீர்கள். ஆனால் அன்று சாயங்காலமே காரியத்தைக் கெடுத்துவிட்டீர்களே. குடும்ப ஜெபத்தில் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, தொண்டை கிழிய ஜெபித்தீர்கள். "ஆண்டவரே, இவ புருசன் போடியில வேற குடும்பம் வச்சிருக்கான், அவன் மனச திருப்பும், இவ சோறு திங்காம அழுதுக்கிட்டே கெடக்கா." லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாதா? இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் "நூறாயுசு" என்பார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நான் கூடையோடு போய் நிற்கிறேன், ஒவ்வொருத்தியும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறாள். "ஏட்டி, நெசமாவா, வேற குடும்பமா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். அன்றைக்குக் கொழுந்து கிள்ளவே கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் மேல் பாய்ந்தேன். "நீங்க ஆண்டவர்கிட்ட சொன்னியளா, ஊர்கிட்ட சொன்னியளா?"

"அவருக்குக் காது கேக்கணும்லா, அதான் சத்தமா ஜெபிச்சேன்" என்றீர்கள். நம் சபை ஆட்கள் எல்லாருக்கும் உள்ள புத்திதான் அது. சத்தம் இருந்தால்தான் ஜெபம். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். "சரி, போ. இனி ஒன் காரியத்த நீயே அவருகிட்ட சொல்லு" என்றீர்கள்.

"எங்க உக்காந்து சொல்ல? மூச்சு விட்டாக்கூட சொவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மா பெரியம்மாவுக்குக் கேக்கும்."

மறுநாள் பொழுது சாயும் நேரம், அடுப்படிக்குப் பின்னால் அம்மியைக் கழுவி உட்கார்ந்தீர்கள். "நீ உள்ள போயி என்ன வேணும்னாலும் பேசு, அழு, சண்ட போடு. நான் அரைக்கேன். ஒரு பய காதுலயும் விழாது." வெறும் அம்மியை அரைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பேச்சியம்மா பெரியம்மா சுவருக்கு மேலாகவே சத்தம் போட்டாள். நீங்கள் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு அரைத்தீர்கள். அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு நம் வீட்டில் தூளுப்புக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அந்தக் கடகட சத்தத்துக்கு அடியில் உட்கார்ந்து நான் ஆண்டவரிடம் பேசியதெல்லாம் எழுத்தில் வராது. ஏசியிருக்கிறேன். ஏன் என்னை, ஏன் என்னை என்று கேட்டிருக்கிறேன். ஒருநாள் என்னை விட்டுப்போனவரை மன்னிக்கவும் முயன்று பார்த்தேன், முடியவில்லை, அதையும் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் பதில் வந்ததா என்றால் இல்லை. ஆனால் வெளியே வரும்போது எனக்கென்று ஒரு இடம் இருந்தது. பெரட்டுக்களத்தில் யார் உச்சுக் கொட்டினாலும் அந்த இடத்துக்கு அவர்களால் வர முடியாது. லயத்தில் கதவுள்ள அறை யாருக்கு இருக்கிறது, மைனி? எனக்கு இருந்தது. விசுவாசம் என்று பெரியவர்கள் சொல்வதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

"ஏளா, தெனமும் அரைக்க, ஒருநாளும் கொழம்பு வாசன வரலியே?" என்று பேச்சியம்மா பெரியம்மா உங்களைச் சீண்டுவாள். "அது மேல போற கொழம்பு பெரியம்மா, ஒங்களுக்கு வாசன வராது" என்பீர்கள். நான் உள்ளே அழுதுகொண்டே சிரிப்பேன்.

மார்ச்சளியில் நீங்கள் போன பிறகு அம்மி கிடந்தது, நான் கிடந்தேன். சத்தமில்லாத வீட்டில் எனக்கு ஜெபம் வரவில்லை. மனதுக்குள்ளேயே ஜெபிக்கலாமே என்பீர்கள். உட்கார்ந்தால் மனது ஊர்ப் பேச்செல்லாம் பேசுகிறது, ஆண்டவரிடம் மட்டும் பேச மாட்டேன் என்கிறது. நீங்கள் போனது ஒரு துக்கம், அந்த அறை பூட்டிக்கொண்டது இன்னொரு துக்கம். எது பெரிது என்று கேட்காதீர்கள்.

எமர்ஜென்சி முடிந்து தேர்தலும் வந்து போய்விட்டது. கோயிலுக்குப் புது உபதேசியார் வந்திருக்கிறார், நல்ல பிள்ளை. ஞாயிறுதோறும் யாராவது எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் அவருக்கு. "ஒங்க பாரத்த சபையில எறக்கி வைங்கம்மா, மனசு லேசாகும்" என்றார். எழுந்து நின்றேன். எல்லாத் தலையும் திரும்பியது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று ஒரு ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. கொட்டினால் நாலு பேர் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள். எவ்வளவு காலமாயிற்று ஒருத்தர் என்னைத் தொட்டு. ஆனால் கொட்டிவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம்? "ஆண்டவர் நல்லவர்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதையாவது உண்மையாகச் சொன்னேனா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். பேச்சியம்மா பெரியம்மா மகனுக்குச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெண் எடுத்திருக்கிறாள். செல்வி என்று பெயர். மலையும் அட்டையும் பனியும் அந்தப் பிள்ளைக்குப் புதுசு. உப்பு தீர்ந்த அன்று சாயங்காலம், பெரியம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போன நேரத்தில், சுவருக்கு மேலாக ஒரு சத்தம் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிற சத்தம். எனக்கா தெரியாது அது? இன்னும் கொஞ்சம் கூடினால் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும், காலையில் பெரட்டுக்களத்தில் உச்சுக் கொட்டுவார்கள்.

எழுந்தேன். அம்மியில் தூசியும் சருகும். கழுவினேன். ஒரு கை கல்லுப்பு போட்டு அரைத்தேன், மைனி. முதலில் அங்கே அழுகை சட்டென்று நின்றது. நான் நிறுத்தவில்லை. குழவியை நன்றாக அழுத்தி இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் மறுபடியும் தொடங்கினாள், இந்த முறை அடக்காமல். ஊர்ப் பெயர் சொல்லி, அம்மா பெயர் சொல்லி. நான் இன்னும் சத்தமாக அரைத்தேன். அப்போதுதான் என் வாய் அசைகிறது என்று எனக்கே தெரிந்தது. "ஆண்டவரே, நான்தான், கிரேஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் பேச்சியம்மா பெரியம்மா கேட்டாள், "என்னட்டி, மறுபடியும் மேல போற கொழம்பா?" பின்னால் செல்வி தலை குனிந்து நின்றாள்.

"உப்பு தீந்துபோச்சு பெரியம்மா" என்றேன்.

வீடு இன்னும் ஆள் இல்லாத வீடுதான், மைனி. சில்வர் ஓக் மரத்தடியில் உங்களைப் படுக்க வைத்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் கொழுந்துக்குப் போகிறேன், தினமும் வலிக்கிறது. ஆனாலும் ஒரு வாக்கு தருகிறேன். இந்தச் சாடி இனி காலியாகாது. பொழுது சாய்ந்தால் அம்மி ஓடும். அந்தப் பிள்ளை என்ன சொல்லி அழுதாள் என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன், உங்களுக்கும்தான். நான் அரைத்துக்கொண்டிருந்தேன், என் காதில் ஒன்றும் விழவில்லை.

நீங்கள் அரைத்த உப்பைத் தின்று வளர்ந்த
உங்கள் நாத்தனார்,
கிரேஸ்