நேற்றே வந்துபோனவள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி, சித்தி எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? ஃபோனில் சொன்னால் நீ பதறிப்போவாய், நானும் பாதியில் உளறிவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் கேக் பெட்டி வியாபாரத்துக்குக் கடை பெயரில் கணக்கு இருந்தால்தான் ஆர்டர் தருவேன் என்று பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார். அதனால் போன மாதம் படம் எடுத்துக்கொண்டு, ரப்பர் ஸ்டாம்பும் செய்துகொண்டு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருக்கிற பெண், "நேத்துதானேம்மா எல்லாம் குடுத்துட்டுப் போனீங்க, மறுபடி எதுக்கு அலையறீங்க?" என்று கோப்பைத் திறந்து காட்டினாள். என் கையெழுத்து, என் முகம், அன்று காலையில்தான் கைக்கு வந்த ஸ்டாம்பின் முத்திரை. யாரோ எதையோ குழப்பிவிட்டார்கள், ஒரு அலைச்சல் மிச்சம் என்று திரும்பிவிட்டேன். காசோலைப் புத்தகம் வாங்கப் போனபோதும் அதே பேச்சு, முந்தின நாளே வாங்கிப் போய்விட்டேனாம். சித்தியிடம் சொன்னால், முதலில் கண்ணாடியை மாற்று என்று சிரிக்கிறாள்.

மேனேஜரிடம் சண்டை போட்டேன். நல்ல மனிதர், கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். நான்தான் கண்ணு. இடது காலை இழுத்து நடப்பது, விரலில் காய்ந்த பசையைச் சுரண்டுவது, எல்லாம் நானே. வாசலில் மட்டும் அவள் திரும்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா போனபிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. அந்த நேரம் நான் கடையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன், தம்பி கூடவே இருந்தான். இனி வந்தால் பிடித்து வைக்கிறோம் என்றார் மேனேஜர். செவ்வாய்க்கிழமை அவள் வந்தாளாம், விட்டுவிட்டார்கள். "நேர்ல பாத்தா நீங்கதாம்மா, எப்படிப் பிடிக்கறது?" என்று கவுன்டர் பெண் அழுகிறாள். வந்தவள் முகவரி மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாள். "மக கூடவே போயிடறேன், கடைய மூடப்போறேன்" என்று சந்தோஷமாகச் சொன்னாளாம். தாளில் இருந்தது உன் வீட்டு முகவரி, மாடி எண் வரைக்கும் சரி. நீ இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறாய், நான்தான் கடையைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

மேனேஜர் கணக்கை முடக்கிவிட்டார். பேக்கரிக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார், அது போகட்டும். எனக்கு உன் நினைப்புத்தான். நான் டிக்கெட் எடுக்கவில்லை, கண்ணு. என் முகத்தோடு யார் வந்து கதவைத் தட்டினாலும், உன்னைச் செல்லமாகக் கூப்பிட்டாலும் திறக்காதே. குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போ. உடனே கடைக்கு ஃபோன் போடு. நான் எடுத்தால் வைக்காதே, தட்டுவது நிற்கும்வரை என்னோடு பேசிக்கொண்டே இரு. கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். மாப்பிள்ளையிடமும் மறக்காமல் சொல்லிவை, அவர் என்னைப் பார்த்ததும் மரியாதைக்குத் திறந்துவிடுவார்.

இப்படிக்கு,
இங்கேயே இருக்கிற உன் அம்மா