உன் கைக்கிளட்சைக் கழற்றிவிட்டார்கள், அக்கா

வாய்க்கு வாய் பதில் வைத்திருந்த என் பிரியமான மும்தாஜ் அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதலில் உன் மகள் நஸ்ரின் நன்றாக இருக்கிறாள், கடை நன்றாக நடக்கிறது என்றெல்லாம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் நீலக் காரில் இருந்த கைக்கிளட்சைக் கழற்றிவிட்டார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

சின்னப் பிள்ளையில் போலியோ வந்து உன் இடது கால் சூம்பிப்போனது. அத்தா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு மதுரை கோரிப்பாளையத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையை நீதான் நடத்தினாய். கடைக்குப் பின்னால் என் பட்டறை. ஒருநாள் பேரையூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்கு டிராக்டர் சாமான் கொடுக்கப் போனோம். அங்கே மாட்டுக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தாய். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார். மடக்கும் துணிக்கூரை இருந்த இடத்தில் வெறும் கம்பி. ஓட்டுநர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"டேய் அன்வரு, இது எனக்கு வேணும்டா" என்றாய்.

"கோழியா?"

"கோழியும்தான்."

அப்புறம் வருஷக்கணக்கில் அந்தக் காரோடு கிடந்தோம். எந்தெந்த நாட்டுக்காரனோடெல்லாமோ போனில் மல்லுக்கட்டி நீ சாமான் வரவழைத்தாய். அரித்துப்போன தகட்டையெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு அடித்தோம். பானட்டுக்கு உள்பக்கம் ஒரு மூலையில் பழைய நீலம் கொஞ்சம் தப்பியிருந்தது. அதே நீலம்தான் வேண்டும் என்று பெயின்டரை நீ அழவிட்டாய்.

எல்லாம் முடியும்போது நான்தான் கேட்டேன். "க்கா, கிளட்சை இடது காலாலதானே மிதிக்கணும்? எப்படி ஓட்டுவ?"

"அப்பக் காலுக்கு வேலை இல்லாமப் பண்ணு."

அப்படித்தான் அந்தக் கைக்கிளட்ச் வந்தது. கியர்த் தண்டோடு ஒட்டி ஒரு பிடி. பிடியை அழுத்தினால் கிளட்ச் இறங்கும். உன் உள்ளங்கைக்கு ஏற்ற மாதிரி அதை எத்தனை தடவை அரத்தால் ராவினேன்!

லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் அந்த அதிகாரி உன் காலையே பார்த்துக்கொண்டு, "ஏம்மா, இந்தக் காலை வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "நான் காரு ஓட்ட வந்திருக்கேன் சார், ஓட்டப்பந்தயத்துக்கு வரல" என்றாய். அவர் சிரிக்கவில்லை. உன்னை நாலைந்து தடவை அலையவிட்டார். நீ அலைந்தாய், வாங்கினாய்.

மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை வரைக்கும் கூரையை மடக்கிப் போட்டு நீ ஓட்டிப்போன அந்தக் காலை நேரத்தை நான் எப்படி மறப்பேன்? டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். உன் முக்காடு காற்றில் பறந்தது. பைக்கில் வந்த ஒருத்தன், "யக்கா, எம்புட்டு ஸ்பீடு போகும்?" என்று கத்தினான். "நீ முன்னால போ, நான் வாரேன்" என்று நீயும் கத்தினாய்.

கிட்னி கெட்டு, இனிமேல் ஓட்ட முடியாது என்று ஆனபோது, காரை விற்கச் சொன்னதும் நீதான். "மூடி வைக்காதடா, ஓட்டுறவங்களுக்குக் கொடு" என்றாய். எத்தனையோ பேர் வந்தார்கள். உலகத்திலேயே இந்த மாடல் கொஞ்சம்தான் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நீ அந்த நகைக்கடை முதலாளிக்குத்தான் கொடுத்தாய். ஏன்? அவர்தான் வாக்குக் கொடுத்தார். அவர் மனைவியும் நானும் நஸ்ரினும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். "கைக்கிளட்சை மட்டும் எடுக்கக் கூடாது" என்று நீ கேட்டாய். அவர் பானட்டில் கையை வைத்து, "சத்தியமா அதுல கை வைக்க மாட்டேம்மா" என்றார். நீ நிம்மதியாக ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த முகத்தைப் பார்த்துச் சொன்ன சத்தியம் அது.

நீ போய் வருஷம் திரும்பவில்லை. போன் வந்தது.

"அன்வர், அந்தக் கம்பியை எடுத்துரு. பழைய கார் போட்டிக்குப் போறோம். கார் கம்பெனியில வந்த மாதிரி இல்லேன்னா மார்க் குறைப்பாங்க."

"அக்காட்ட சத்தியம் பண்ணீங்களே முதலாளி."

"நான் என்ன காரையா உடைக்கச் சொல்றேன்? உன்னால முடியாதுன்னா வேற ஆள் இருக்கான்."

முடியாது என்றேன். வேறு ஆள் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரிங் ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டல் புல்வெளியில் கண்காட்சி. நஸ்ரினும் நானும் போனோம். உன் கார் நடுநாயகமாக நின்றது. பானட்டின் மேல் கோப்பை. உள்ளே எட்டிப் பார்த்தேன். கியர்த் தண்டு மொட்டையாக இருந்தது. கைக்கிளட்சுக்காக நான் போட்ட துளையை அடைத்து, அடையாளமே தெரியாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கத்தில் வைத்திருந்த பலகையில் காரின் வரலாறு முழுக்க இருந்தது. இத்தாலி இருந்தது, பேரையூர்ப் பண்ணை இருந்தது, முதலாளியின் பெயர் இருந்தது. உன் பெயர் இல்லை.

அதோடு விட்டாரா? மைக்கைப் பிடித்தார். "இடையில யாரோ ஒரு கம்பியைச் சொருகி அசிங்கம் பண்ணி வச்சிருந்தாங்க. அதை எடுத்து ஒரிஜினலாக்கிட்டோம்" என்றார். நாலு பேர் கை தட்டினார்கள்.

யாரோவா? எது அக்கா ஒரிஜினல்? டயர் புதுசு. சீட்டுத் தோல் புதுசு. பாதி உடம்பு என் பட்டறையில் அடித்த தகடு. அதெல்லாம் ஒரிஜினலாம். அந்தக் காரைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவந்தவள் எதைப் பிடித்து ஓட்டினாளோ, அது மட்டும் அசிங்கமாம்! அவர்களுக்குக் கண்ணை உறுத்தியது கம்பி இல்லை. கால் விளங்காத ஒரு பொம்பளை இந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள் என்பதற்கு அது சாட்சி. அதுதான் உறுத்தியது.

நான் வாயைத் திறப்பதற்குள் நஸ்ரின் முன்னால் போய்விட்டாள். உன் நடை இல்லை, ஆனால் உன் குரல்.

"சார், எங்கம்மா பேரு மும்தாஜ். யாரோ இல்ல. இந்தக் காருல கைய வச்சு அவங்ககிட்ட சத்தியம் பண்ணீங்க. ஞாபகம் இருக்கா?"

"உணர்ச்சிவசப்படாதம்மா. போனவங்க போயிட்டாங்க" என்றார் அவர். மைக் அணையவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

கூட்டம் வேடிக்கை பார்த்தது. அப்போது முன்வரிசையிலிருந்து அவர் மனைவி எழுந்தார்.

"பண்ணீங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை. கணவரைத் தாண்டி வெளியே நடந்து போய்விட்டார்.

முதலாளி மைக்கைக் கீழே வைத்தார். கோப்பையை யாரும் திருப்பி வாங்கவில்லை. உன் பெயரை யாரும் பலகையில் எழுதவுமில்லை. நாங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறங்கும்போது நஸ்ரின், "மாமா, நான் அழுதேனா?" என்று கேட்டாள். "இல்லத்தா" என்றேன். அதன்பிறகுதான் அழுதாள்.

புதன்கிழமை முதலாளியின் மனைவி தனியாகக் கடைக்கு வந்தார். துண்டில் சுற்றி அந்தக் கைக்கிளட்சைக் கொண்டுவந்திருந்தார். "பழைய இரும்புக்குப் போட இருந்தாங்க, எடுத்துட்டு வந்தேன். அவருக்காக மன்னிப்புக் கேக்க வரல. அது அவரு கேக்க வேண்டியது" என்றார். டீ குடித்துவிட்டுப் போனார். அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அன்று சாயங்காலமே முதலாளி போன் பண்ணினார். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லைபோல. கைக்கிளட்சைத் திரும்ப மாட்டிவிடலாமாம். ஆனால் போட்டி வரும்போது கழற்றிக்கொள்கிற மாதிரி செய்து தர வேண்டுமாம்.

"விசேஷத்துக்கு விசேஷம் மாட்டிக் கழட்ட, அது என்ன உங்க கடை நெக்லஸா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீயாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பாய், இல்லையா?

பொறுமையாக இரு என்கிறார்கள், அக்கா. கார் அவருடையது, சட்டப்படி நாம் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். தெரியும். கார் அவருடையதுதான். சத்தியமும் அவருடையதுதானே? அதை யாருக்கு விற்றார்?

அவர் வீட்டு வாசலுக்கு நான் போகமாட்டேன். அந்தக் காரை அவரே ஓட்டிக்கொண்டு கோரிப்பாளையத்துக்கு வரட்டும். வந்தால், கழற்ற முடியாதபடி ஒரே தடவையாகப் பொருத்திக் கொடுப்பேன். அதுவரைக்கும் அந்தக் கார் எந்த ஊர்க் கண்காட்சியில் நின்றாலும் நஸ்ரினும் நானும் அங்கே போவோம். காரைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதை ஓட்டியது மும்தாஜ் என்று சொல்வோம். வெளியே தள்ளினால் கேட்டில் நின்று சொல்வோம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நான் எந்த பானட்டிலும் கை வைத்துச் சொல்லவில்லை.

உன் வாயில் பாதியாவது வாய்த்திருக்கும் தம்பி,
அன்வர்