ஐந்து பத்துக்குக் கிளம்பியவருக்கு

பாய்,

நாளை மறுநாள் கூட்டம். அழைப்புக் கடிதத்தின் மாதிரியைத் தேடிப் பழைய கோப்பை எடுத்தேன். வருகைப் பதிவுத் தாள்களைப் புரட்டியபோது உங்கள் கையெழுத்தின் மேல் ஒரு இணுக்கு இலவம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதினால் போய்விடும். ஊத மனம் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கோப்பை மூடிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "என்னாச்சுங்க மேடம், பூச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நீங்கள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் எப்போதும் பஞ்சு கிடக்கும். மாரண்டஹள்ளியில் மெத்தைக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் ஏறி வருவீர்கள். மற்ற அமைப்புக்காரர்கள் லேப்டாப்பும் வண்ணக் கையேடுமாக வந்து இறங்குவார்கள். உங்களிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு. அமைப்பு என்று பெயர்தானே தவிர, நீங்களும் மூன்று நண்பர்களும்தான். படுக்கையில் விழுந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, இடுப்புக்கும் குதிகாலுக்கும் அணை கொடுக்கச் சின்னச் சின்னத் தலையணை தைத்துக் கொடுப்பது. மெத்தைக்காரருக்குத்தான் எந்த வீட்டில் யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்பது முதலில் தெரிகிறது. இதை நீங்கள் சொல்லித்தான் நான் யோசித்தேன்.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. வட்டார சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. அழைப்பு அனுப்ப வேண்டும், டீ சொல்ல வேண்டும், கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒருங்கிணைந்த சமுதாய நலவாழ்வுச் சேவைக்குத் திட்டமிடும்போது தன்னார்வ அமைப்புகளையும் ஈடுபடுத்த வேண்டும் என்று மேலிருந்து வந்த காகிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக ஐந்து நாற்காலி போட்டோம். கடைசி நாற்காலி உங்களுடையது.

முதல் கூட்டத்தில் அதிகாரி உங்களைக் கேட்டார், உங்கள் அமைப்பின் செயல்பாட்டுப் பகுதி எது என்று.

"எந்தெந்த வூட்ல ஆளு படுத்திருக்குதோ, அதெல்லாம் எங்க பகுதிதாங்க சார்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு "ஒருங்கிணைந்த" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "நோவு எப்பவும் ஒருங்கிணைஞ்சுதானுங்க வருது. சக்கரை, புண்ணு, மனசு ஒடைஞ்சு போறது, அல்லாம் ஒரே வூட்டுக்கு ஒண்ணா வருது. ஆபீசுதான் தனித்தனியா வருது" என்றீர்கள். அதிகாரி என் பக்கம் திரும்பி, "நல்லா சொன்னாரு, குறிச்சுக்கங்க" என்றார். நான் குறிக்கவில்லை. அப்படிப்பட்ட பேச்சை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நோட்டில் கோடு போட்டுப் பிரித்த நான்கு பத்தி இருக்கும். பெயர், எந்தப் பக்கம் புரட்டக் கூடாது, யார் பார்த்துக்கொள்கிறார்கள். நான்காவது பத்தியின் மேல் "கதவு" என்று எழுதியிருந்தது. புங்கங்கொட்டாய் என்ற சிற்றூரில் பூப்பறிக்க விடியற்காலையில் எல்லோரும் சாமந்திக் காட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்ப மதியம் தாண்டிவிடும். படுத்திருப்பவரை உள்ளே வைத்து, தண்ணீர் சொம்பைக் கைக்கு எட்டும்படி வைத்து, நாய் நுழையாமலிருக்க வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். "வேற என்னா பண்ணுவாங்க, சொல்லுங்க?" என்று என்னைக் கேட்டீர்கள். கதவைத் திறக்க ஆள் இருக்கும் நேரம்தான் அந்த நான்காவது பத்தி. இத்தனை வருட அலுவலக வேலையில் அப்படியொரு பத்தியை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் படுக்கையில் இருந்தார் என்பது எனக்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பக்கவாதம் வந்து உங்கள் மனைவி விழுந்த பிறகுதான் இந்த நோட்டே தொடங்கியது. மாலை ஆறரைக்குள் போய் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதனால்தான் ஐந்து இருபது பஸ். எங்கள் கூட்டம் எந்த விவாதத்தில் இருந்தாலும் ஐந்து பத்துக்கு நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். அது நீங்கள்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன் பாய். எப்படியும் வந்துதான் ஆக வேண்டும்.

இரண்டு மணிக் கூட்டம். வருகைத் தாள் இரண்டு மணிக்கே சுற்றிவந்துவிட்டது, நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள். அதிகாரி வேறொரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நான்கு மணிக்குத்தான் வந்தார். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வண்டி எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போவது என்பது அன்றைய விவாதத்தில் கடைசிப் பொருள். நீங்கள் மூன்று மாதமாகக் காத்திருந்தது அதற்காகத்தான். ஐந்து பத்துக்கு எழுந்து என் மேசைக்கு வந்தீர்கள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தீர்கள்.

"புங்கங்கொட்டாய்க்கு மட்டும் ரெண்டு மணிக்கு மேல. மறந்துடாதீங்க மேடம்."

"நான் பாத்துக்கறேன் பாய். நீங்க கெளம்புங்க."

நீங்கள் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். மதியத்துக்கு மேல் வண்டி வேறு வேலைக்கு வேண்டும், அதனால் ஊர்களுக்கெல்லாம் காலையிலேயே போய்விடட்டும் என்று அதிகாரி சொன்னார். புங்கங்கொட்டாய்க்குப் பத்து மணி. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். உங்கள் தாள் என் முன்னால் இருந்தது. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பு அந்த மாதம் அவர் மேசையில் இருந்தது. இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பயம். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் தட்டச்சு செய்தேன். "கூட்டத்தில் கலந்துகொண்ட தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதிகள் இதனை ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்." எத்தனையோ குறிப்புகளில் அடித்த வரி. கீழே வருகைத் தாளை இணைத்தேன். அதில் உங்கள் கையெழுத்து இருந்தது.

வண்டி போனது. புங்கங்கொட்டாயில் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. போய்வந்த நர்ஸ் என்னிடம் சொன்னார்: "ஒரு வூட்டுக்குள்ளேருந்து குரல் குடுத்தாங்க மேடம். பூட்டு வெளிய தொங்குது. நாங்க என்னா செய்ய முடியும்?" படிவத்தில் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதினார்கள். மூன்று தடவை அப்படி எழுதினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எடுத்ததும் நான்தான். குரல் கொடுத்தவர் பெயர் மாதையன். புளி உலுக்க ஏறியவர், கிளை முறிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவர். நீங்கள் அவருக்கு ஆறு சின்னத் தலையணை தைத்துக் கொடுத்திருந்தீர்கள். அந்த நாட்களில் உங்கள் மனைவி மருத்துவமனையில் இருந்ததால் ஒன்றரை மாதம் உங்களால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அதற்குள் இடுப்புப் புண்ணில் சீழ் வைத்து மாதையன் போய்விட்டார்.

நீங்களும் நானும் சாவு வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறதா? மாதையனின் மனைவி காவேரி பிணத்தின் தலைமாட்டில் சுருண்டு கிடந்தார். மாதையனின் தம்பிக்காரர் போனை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரோ என் குறிப்பையும் வருகைத் தாளையும் படம் பிடித்து ஊர்க் குழுவில் போட்டிருந்தார்கள்.

"இதுல ஒங்க பேரு இருக்குதா இல்லீங்களா பாய்? அல்லாரும் ஏத்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்குதே! காலைல பத்து மணிக்கு இங்க எவன் இருப்பான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் உங்களுக்கு இரண்டடி பின்னால் நின்றேன். இப்போது சொல்வீர்கள், நான் ஐந்து பத்துக்கே கிளம்பிவிட்டேன், இதோ இந்த அம்மாவைக் கேளுங்கள் என்று திரும்புவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் திரும்பவே இல்லை. "இருக்குதுங்க. என் தப்புதாங்க" என்றீர்கள்.

பஸ் நிறுத்தத்தில் ஏன் பாய் என்று கேட்டேன். அன்றுதான் என்னை முதல் தடவையாகத் தங்கச்சி என்றீர்கள்.

"நான் இல்லைன்னு சொன்னா நீங்க எழுதனது பொய்யின்னு ஆவும் தங்கச்சி. ஒங்கள எடுத்துட்டு வேற ஆளப் போட்டா, அந்த ரூமுல எங்க பேச்ச காதுல வாங்க யாரு இருக்குறாங்க? அவங்க நாலு நாளு கோவமா இருப்பாங்க. அப்புறம் சரியாப் போவும்."

சரியாகப் போகவில்லை. புங்கங்கொட்டாயில் உங்களுக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை. ஆட்கள் உள்ளே இருக்கும்போதே, "இன்னிக்கு வேணாங்க பாய்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். பக்கத்துக் கொட்டாய் ஊர்களுக்கும் அது பரவியது. உங்கள் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். உங்கள் நோட்டில் ஊரூராகக் கோடு விழுந்துகொண்டே வந்தது.

எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது பாய். அடுத்த கூட்டத்தில் முதல் பொருள், முந்தைய நடவடிக்கைகளை வாசித்து உறுதி செய்வது. நான்தான் வாசிக்க வேண்டும். அந்த வரி வந்தபோது தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாக இல்லை, சும்மா பார்த்தீர்கள். திருத்தம் இருக்கிறது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நான் அந்த வரியை வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உறுதி செய்யப்பட்டது.

அன்றிலிருந்து உங்கள் கையெழுத்து மாறிப்போனது. தாள் சுற்றிவரும்போது போட மாட்டீர்கள். கிளம்பும்போது என் மேசைக்கு வந்து கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் "5.10க்குக் கிளம்பினேன்" என்று எழுதுவீர்கள். அதிகாரி ஒருநாள், "என்ன பாய், டைமெல்லாம் போடறீங்க?" என்று கேலி செய்தார். "பஸ்ஸு ஞாபகத்துக்குங்க சார்" என்றீர்கள். என்னைக் குத்த எழுதினீர்களா, இன்னொரு தடவை நான் அப்படிச் செய்ய முடியாமல் தடுக்க எழுதினீர்களா? கேட்கவில்லை. எட்டுத் தாள்களில் அந்த வரி இருக்கிறது.

அடுத்த வருடம் வந்த புது அதிகாரி, புங்கங்கொட்டாய்க்கு வண்டியை மதியம் மூன்று மணிக்கு மாற்றினார். நான் சொன்னேன், சரி என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் அழுதேன்.

நீங்கள் கடையில் தைத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். ஜனாஸா இறுதி ஊர்வலமாகக் கிளம்பும்போது தெரு முனையில் நின்றேன். கூட்டத்தில் புங்கங்கொட்டாய் முகம் ஒன்றாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒருவரும் வரவில்லை. உங்கள் மனைவியை மகள் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டார்.

இப்போது மறுபடியும் அதே காகிதம் வந்திருக்கிறது. தன்னார்வ அமைப்புகளைத் திட்டமிடுதலில் ஈடுபடுத்த வேண்டும், அதே வரி. இந்தத் தடவை வண்டி நேரத்தை முதல் பொருளாகப் போட்டிருக்கிறேன். வருகைத் தாளைக் கடைசியில்தான் சுற்றவிடப் போகிறேன். படிவத்தில் "கதவு" என்று ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறேன். புதிதாக வந்த பையன்கள் அதை எழுத்துப் பிழை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். இவ்வளவும் செய்த பிறகும் அந்தப் பஞ்சு என்னை உட்காரவிடவில்லை. மதியம் விடுப்பு சொல்லிவிட்டுப் புங்கங்கொட்டாய்க்குப் போனேன்.

காவேரி வாசலில் உட்கார்ந்து சாமந்தியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் ஒரு சாக்கை விரித்துப் போட்டார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். மெத்தைக்கார பாய் மேல் தப்பில்லை, அந்த முடிவெடுத்தபோது அவர் அங்கே இல்லை என்று.

அவர் பூவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"அது எனக்கு அப்பவே தெரியுங்க. காரியம் முடிஞ்சதும் ஊருக்கும் சொன்னேன். அன்னிக்கு எங்கூட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கினு அதே அஞ்சு இருவது பஸ்ஸுலதான் நானும் வந்தேன். எனக்கு எடம் குடுத்துட்டு நின்னுனே வந்தாரு. ரெண்டு மணிக்கு மேலதான் வண்டி வரும், சொல்லிட்டு வந்திருக்கறேன்னு அவ்ளோ சந்தோசமா சொன்னாரு. அப்புறம் சாவு வூட்ல வந்து, என் தப்புதான்னு சொன்னா? ஆபீசோட சேந்துக்கினு எங்ககிட்ட மறைக்கறாருன்னு ஆயிடுச்சுங்க. எங்க முகத்துக்கு நேரா பொய் சொல்ற ஆளுக்கு எப்பிடிங்க கதவத் தெறக்கறது?"

கையெழுத்துக்காக அவர்கள் உங்களைத் தள்ளவில்லை பாய். எனக்காக நீங்கள் சொன்ன பொய்க்காகத் தள்ளினார்கள்.

காவேரி அப்போதுதான் தலை நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார்.

"அங்க ஒரு அம்மா இருக்கறாங்க, அவங்க பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னாரு. அந்தம்மா நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

அவர் திட்டவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாக்கை மடித்து வாசலில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.